தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி: இது 'மரபணு ஊசி' அல்ல

கொரோனாவுக்குப் போடும் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை 'மரபணுத் தடுப்பூசி' என்று எழுதித் தள்ளுகிறார்கள். அதைப் படித்துவிட்டு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒருவர் "நம்ம மரபணுவ மாத்திருமாமே?" என்று கேட்டால் மட்டும் அறியாமை என்கிறார்கள். அந்தப் பயத்தைக் கொடுத்ததே மொழிபெயர்த்தவர்தானே.

சொல்லின் கதை சின்னது. 'எம்' என்பது மெசஞ்சர். 1961-ல் பிரான்சுவா ஜேக்கப், ழாக் மோனோ இருவரும் முன்வைத்த பெயர். உட்கருவிலுள்ள டி.என்.ஏ.யின் செய்தியை வெளியே புரதம் செய்யும் ரைபோசோமுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. தூது, அவ்வளவுதான்.

மரபணு என்பது தலைமுறை தாண்டுவது. ஊசியில் போகிற எம்.ஆர்.என்.ஏ. இழை சில நாளில் சிதைந்துவிடும். ஃபைசர் ஊசியில் பெரியவர்களுக்கு ஒரு தவணைக்கு 30 மைக்ரோகிராம். அந்த இழையில் கொரோனா வைரசின் முள்ளான ஸ்பைக் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு, முன்னால் ஒரு தொப்பி, பின்னால் அடினின் வால். இழையின் கட்டுமான அலகுகளில் ஒன்றான யூரிடினை மாற்றாமல் விட்டால் உடல் அதை அந்நியமென்று கண்டு அழற்சியைக் கிளப்பும், புரதமும் குறையும். இதை 2005 முதலான ஆய்வுகளில் காட்டிய விஞ்ஞானிகள் காட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவருக்கும் 2023-ல் நோபல் பரிசு. இழையைப் பொதிவது நால்வகைக் கொழுப்பாலான நானோ துகள். செல் அதை விழுங்கியதும், உள்ளறையின் அமிலத்தில் ஒருவகைக் கொழுப்பு மின்னூட்டம் பெற்று வழி திறக்கும். இழை உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தோடு சரி; உட்கருவுக்குள் போவதில்லை.

கொரோனாவின் மரபுப்பொருளே ஆர்.என்.ஏ. தானே என்று வாதாடுவார்கள். இருக்கட்டும், அது வைரசின் மரபு, நம்முடையதல்ல. 2021-ல் இந்தியா அனுமதித்த ஜைகோவ்-டி உண்மையிலேயே டி.என்.ஏ. தடுப்பூசி, அதன் பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையம் உட்கருவை எட்டியாக வேண்டும் (அதுவும் நம் மரபணுவை மாற்றுவதற்கல்ல). 2022-ல் அனுமதி பெற்ற ஜெம்கோவாக், எம்.ஆர்.என்.ஏ. வகை. இரண்டுக்கும் 'மரபணுத் தடுப்பூசி' என்றே எழுதினால் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

ஈழத்தார் எழுதும் 'செய்திகாவும் ஆர்.என்.ஏ.' நல்ல தமிழ். காவுதல் என்றால் சுமத்தல், காவடியிலும் அதுவே. ஆனால் குமரி மாவட்டத்தில் காவு என்றதும் பலியோ தெய்வம் குடியிருக்கும் தோப்போ நினைவுக்கு வரும். குமாரகோயில் காவடி எடுத்தவருக்கும் ஊசிச் சீட்டில் அந்தச் சொல் உறுத்தும். அதனால் 'தூது ஆர்.என்.ஏ.' போதும். 'தூதுவர்' வேண்டாம், மூலக்கூறுக்கு எதற்கு மரியாதை விகுதி? தூது வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் தொல்காப்பியத்தில் அது இருப்பதைப் பார்க்கட்டும்.

ஆர்.என்.ஏ.யை அப்படியே விடலாம். 'ரைபோ கருவமிலம்' என்று எழுதினால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் யாருக்கு விளங்கும்? நானோ துகளைக் 'கொழுப்பு மருந்து' என்று சுருக்குவதையும் இப்போதே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அடுத்து, ஊசியில் கொழுப்பு ஏத்துறாங்க என்பார்கள்.