பேகடெல்: சிற்றுருப்படி

பியானோ பழகுகிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் சொல் பேகடெல்; சிறிய, எளிய வாத்திய உருப்படி ஒன்றின் பெயர். பேகடா ராகத்துக்கும் இதற்கும் உறவில்லை. இத்தாலியச் சொல்லான பகத்தெல்லா பிரெஞ்சில் பகதெல் ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பொருள்: அற்பமான பொருள், சில்லறைச் சமாச்சாரம். ஒருவகை மேசைப் பந்தாட்டத்துக்கும் இதே பெயர் உண்டு. இசையில் 1717இலேயே பிரான்சின் இசையமைப்பாளர் கூப்பரன் ஓர் உருப்படிக்கு இப்பெயரை வைத்தார்.

ஆனால் அதை ஒரு வகைப்பெயராக நிலைநிறுத்தியவர் ஜெர்மன் இசையமைப்பாளர் பேத்தோவன். ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 33இல் 7, ஓபஸ் 119இல் 11, ஓபஸ் 126இல் 6 என மூன்று தொகுதிகள் தந்தார். 119இன் பத்தாவது கால் நிமிடம்கூட நீளாது. கடைசித் தொகுதியின் கையெழுத்துப் படியில் அவரே ஜெர்மனில் 'சின்னச் சின்னவற்றின் தொடர்' என்று குறித்திருக்கிறார். 'தொடர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உதிரிகளாக அவர் அவற்றை நினைக்கவில்லை.

எல்லாரும் அறிந்த பேகடெல் 'ஃப்யூர் எலீஸ'. 1810இல் எழுதியது, அச்சேறியது 1867இல், அவர் இறந்து 40 ஆண்டுகள் கழித்து. ஏ மைனர் என்ற சுரவரிசையில் அமைந்தது. ஏ-வை ஸட்ஜமாக வைத்தால் தொடக்கம் இப்படி வரும்: ப ம₂ ப ம₂ ப ரி₂ ம₁ க₂ ஸ. பிரதி மத்யமம் உரசிவிட்டு, உடனே சுத்த மத்யமம் இறங்குகிறது. மனதைப் பிடிப்பது அந்த இடம்தான்.

பிழைகளும் அங்கேதான். ப-ம₂ மீது பெடலை (ஒலியை நீளவிடும் கால்மிதியை) அழுத்தியே வைத்தால் அரைச்சுர இடைவெளியில் உள்ள இரண்டும் ஒன்றாக ஒலித்துக் கலங்கும்; இடக்கை ஏறும்போது அழுத்தி, ப-ம₂ திரும்பும்போது எடுத்துவிட வேண்டும். பல்லவிபோல் முதல் பகுதி திரும்புமுன் ப-ம₂ நீண்டுகொண்டே போகும், கணக்கு தவறும். தாளம் 3/8, தாளச் சுற்றுக்கு 6 பொடிச்சுரம் (பதினாறில் ஒரு பங்குச் சுரம்) என்று எண்ணினால் தவறாது. இன்னொன்று: தொடக்கத்தை வேகமாக எடுத்தவர்கள் எஃப் மேஜர் பகுதியில் இரட்டிப்பு வேகச் சுரங்கள் வந்ததும் தடுமாறுவார்கள். அந்தப் பகுதியை எந்த வேகத்தில் சுத்தமாக வாசிக்க முடிகிறதோ, அதுவே முழு உருப்படிக்கும் வேகம்.

தமிழில் என்ன சொல்வது? 'துணுக்கு' என்றால் எதிலிருந்தோ கிள்ளியெடுத்தது போலாகும். பேகடெலுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. 'குறும்பண்' என்றால் பண் ராகத்தைக் குறித்துவிடும். கீர்த்தனை என்றால் சாகித்யம் வேண்டும். பாட்டு வாத்தியார்கள் நித்தம் சொல்லும் 'உருப்படி' கையிலேயே இருக்கிறது. சிறு + உருப்படி = சிற்றுருப்படி. உலாவையும் தூதையும் சிற்றிலக்கியம் என்கிறோம். அதில் 'சிறு' அளவைச் சொல்கிறது, தரத்தை அல்ல. இங்கும் அப்படியே.