குப்பைமேட்டுக்குக் கீழே நகரும் நீர்

குப்பைக் கிடங்கைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலும் மூன்று விஷயங்கள்தான் இருக்கும்: நாற்றம், புகை, ஈ. நிலத்தடி நீரைச் சோதிப்பது என் தொழில். என்னை அழைப்பவர்கள்கூட முதலில் இவற்றைத்தான் சொல்வார்கள். கிணற்றைப் பற்றி நான் கேட்ட பிறகே பேச்சு வரும். ஒரு பாட்டிலில் நீரை மொண்டு வந்து வெளிச்சத்தில் காட்டி, "தெளிவாகத்தானே இருக்கிறது?" என்பார்கள். தெளிவாகத்தான் இருக்கும். சிக்கலே அதுதான்.

நாற்றமும் புகையும் காற்று திரும்பினால் விலகிவிடும். குப்பைமேடு நெடுங்காலம் தொல்லை கொடுப்பது அதன் அடியிலிருந்து கசிந்து செல்லும் நீரின் வழியாக. இந்த நீர் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், எங்கே தடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

உலக வங்கியின் கணக்குப்படி 2016ஆம் ஆண்டில் உலக நகரங்கள் சுமார் 201 கோடி டன் திடக்கழிவை வெளியேற்றின. அதில் 44 சதவீதம் உணவுக் கழிவும் தழைக் கழிவும். அதாவது ஈரக் குப்பை. இது தனியாக இருந்தால் உரமாகும், எரிவாயுவாகும். பழைய பேட்டரி, பெயிண்ட் டப்பா, குழல்விளக்கு, காலாவதியான மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து ஒரே இடத்தில் கொட்டும்போதுதான் வேறு கதை தொடங்குகிறது. மேட்டின் உள்ளே இருக்கும் காற்று சில நாட்களிலோ வாரங்களிலோ தீர்ந்துபோகும். பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கி, அமிலங்களை உண்டாக்கும். இந்தக் கட்டத்தில் ஊறும் நீர் புளித்துப்போய், பக்கத்தில் கிடக்கும் உலோகங்களையும் கரைத்துக்கொள்ளும். ஈயம் பேட்டரிக்குள் கிடக்கும்வரை ஒரு பொருள் மட்டுமே. அதைக் கரைத்து ஊர்வலம் அனுப்புவது, நாம் கூடவே போட்ட காய்கறித் தோலின் ஈரம்.

அடுத்த கட்டத்தில் மீத்தேன் வருகிறது. கிடங்கு வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. 20 ஆண்டு அளவில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சுற்றிலும் வசிப்பவர்களுக்கு இதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. இந்த வாயு மண்ணுக்குள் பக்கவாட்டிலும் நகர்ந்து அடித்தளங்களிலும் கிணறுகளிலும் தேங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும். கிடங்கை ஒட்டிய கிணற்றுக்குள் தூர் வாரக்கூட யாரும் அப்படியே இறங்கக் கூடாது.

கசிவுநீருக்கு வருவோம். ஒரு நீர் எவ்வளவு அழுக்கானது என்று பார்க்க, அதைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளப்போம். வீட்டுச் சாக்கடைக்கு லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் வரும். புதிய குப்பையின் கசிவுநீரில் 10,000ஐத் தாண்டுவது சாதாரணம். இது குளத்தில் சேர்ந்தால் நீரில் கரைந்த ஆக்சிஜன் காலியாகும். அம்மோனியா மீன்களின் செவுள்களைத் தாக்கும். மீன் செத்து மிதந்தால் செய்தியாகிவிடும். நிலத்துக்குள் போவது செய்தியாகாது.

நிலத்துக்குள் எல்லாம் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. குளோரைடு மண்ணில் ஒட்டாது, சிதையாது. நீர் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு வேகமாகப் போகும். அதனால்தான் கிணற்றில் முதலில் குளோரைடு ஏறுகிறதா என்று பார்க்கிறேன். அதுவே பெரிய நஞ்சல்ல, பின்னால் மற்றவை வருகின்றன என்பதற்கான தகவல். ஈயம், காட்மியம் போன்றவற்றைக் களிமண் ஓரளவு பிடித்துவைக்கும். இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் நிம்மதி அடைவார்கள். அவசரப்பட வேண்டாம். ஆக்சிஜன் இல்லாத கசிவுநீர் போகும் வழியெங்கும் மண்ணிலேயே இயற்கையாக இருக்கும் இரும்பையும் மாங்கனீசையும் கரைக்கிறது. சில நிலங்களில் இரும்போடு ஒட்டியிருந்த ஆர்சனிக் என்ற நஞ்சும் விடுபடுகிறது. குப்பையில் யாரும் ஆர்சனிக் போடவில்லை. ஆனாலும் கிணற்றில் இருக்கிறது. இறைத்தபோது தெளிவாக இருந்த நீர், குடத்தில் சில மணி நேரம் நின்றதும் செம்பழுப்பாக மாறினால் அது கரைந்திருந்த இரும்பின் அடையாளம். எல்லா இரும்பு நீருக்கும் குப்பை காரணமல்ல. ஆனால் பல ஆண்டுகளாக நன்றாக இருந்த கிணறு இப்படி மாறினால் விசாரிக்கத்தான் வேண்டும்.

அம்மோனியாதான் இதில் பொறுமைசாலி. ஆக்சிஜன் இல்லாத மேட்டுக்குள் அதைச் சிதைக்க எதுவும் இல்லாததால் பல பத்தாண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே வந்து ஆக்சிஜனைச் சந்தித்ததும் நைட்ரேட்டாகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நீரில் பால்மாவு கலந்து கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம்பாரிக்கலாம். காய்ச்சினால் சரியாகும் என்று நினைப்பவர்கள் அதிகம். காய்ச்சினால் கிருமிதான் சாகும். நீர் ஆவியாகக் குறையக் குறைய நைட்ரேட்டின் அடர்த்தி கூடவே செய்யும்.

முறையான கிடங்கில் களிமண் படுகை, அதன்மேல் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நெகிழி விரிப்பு, கசிவுநீரை இழுத்து எடுக்கும் குழாய்கள் எல்லாம் இருக்கும். வெறும் மண்ணில் கொட்டுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் எந்த விரிப்பும் என்றென்றைக்கும் தாங்காது. பழைய மேட்டை மண்ணால் மூடிப் புல் வளர்த்துப் பூங்கா என்று பெயர்ப் பலகை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. அமெரிக்காவில் நகரக் குப்பைக் கிடங்கை மூடிய பிறகும் 30 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது பொது விதி. அதுவே போதாது என்பது என் கருத்து.

நீர் மேட்டுக்குள்ளேயே தேங்கினாலும் ஆபத்துதான். 2000 ஜூலையில் பிலிப்பைன்சின் பயாத்தாஸ் மேடு கனமழைக்குப் பின் சரிந்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2005 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் லியூவிகாஜா மேடும் மழையில் ஊறிச் சரிந்தது. அங்கே 140 பேருக்கு மேல் பலி. இறந்தவர்களில் பலர் குப்பையைப் பொறுக்கிப் பிழைத்தவர்கள், மேட்டின் அடிவாரத்தில் குடியிருந்தவர்கள்.

எரிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.வி.சி. கலந்த குப்பை திறந்தவெளியில் புகைந்து எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உருவாகிறது. மனித உடலில் அதன் அளவு பாதியாகவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். அது நமக்குள் வருவது பெரும்பாலும் மூச்சு வழியாக அல்ல, இறைச்சி, பால், மீன் வழியாக. மேட்டில் பற்றிய தீயை அணைக்க ஊற்றும் நீரும் கடைசியில் கசிவுநீராகத்தான் இறங்குகிறது.

கிடங்குக்கு அருகில் கிணறு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மின்கடத்துத்திறன் (நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் அளவு), குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் சோதியுங்கள். நிலத்தடி நீர் பாய்ந்து வரும் வழியில் மேட்டுக்கு முன்னால், அதன் கசிவு சேராத இடத்தில் உள்ள ஒரு கிணற்றையும் சேர்த்துச் சோதித்தால்தான் ஒப்பிட முடியும். குளோரைடு ஏறத் தொடங்கியிருந்தால் கன உலோகங்களுக்கும் ஆர்சனிக்குக்கும் தனிச் சோதனை கேளுங்கள். கிடங்கு இன்னும் வராமல் திட்டமாக மட்டும் இருக்கிறதென்றால், முதல் லாரி வருவதற்கு முன்பே சோதித்து, அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். முன்பு நீர் எப்படி இருந்தது என்பதற்குத் தாளில் சான்று இல்லாததால், கண்முன் கெட்டுப்போன கிணற்றுக்கும் இழப்பீடு கேட்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.