நெய்ப் பொங்கலுக்கு எவ்வளவு நொதி? கணையம் போடும் கணக்கு

மயிலாப்பூர் பக்கம் காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு மெஸ்ஸைக் கடந்து போனால், மிளகும் சீரகமும் முந்திரியும் நெய்யில் பொரிகிற வாசனை தெருவரைக்கும் வரும். அது மூக்கில் ஏறியதுமே கணையம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியே உத்தரவு போகிறது. கணையச் செல்களுக்குள் சிறு சிறு மணிகளாகச் சேமித்து வைத்திருக்கும், உணவைச் செரிக்கும் நொதிகள் குழாய்க்குள் கொட்டுகின்றன. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான நொதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, பார்ப்பது, முகர்வது, மெல்லுவது இவற்றாலேயே சுரந்துவிடும்.

கணையத்தின் எடை 100 கிராம் அளவுதான். ஒரு நாளைக்கு அது 1.5 லிட்டர் வரை நீர் சுரக்கிறது. அதில் 6 முதல் 20 கிராம் நொதிப் புரதம். உடலுக்கு இது பெரிய செலவு. ஆகவே அளந்துதான் கொடுக்கிறது.

அளவு பார்க்கும் இடம் முன்சிறுகுடல். இரைப்பையிலிருந்து அமிலக் கூழ் அங்கே இறங்கி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.5-க்குக் கீழே போனதும் குடல் சுவரின் எஸ் செல்கள் செக்ரிடின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. உடனே கணையம் பைகார்பனேட் கலந்த நீரை அனுப்பி அமிலத்தை முறிக்கிறது. இது நடக்காவிட்டால் கொழுப்பைச் செரிக்கும் நொதியான லைபேஸ் அமிலத்தில் கெட்டுப்போகும், நெய் செரிக்காது. கொழுப்பும் புரதத் துணுக்குகளும் வந்தால் ஐ செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனை விடுகின்றன. நொதியைக் கொட்டச் சொல்வதும், பித்தப்பையைச் சுருங்கச் செய்வதும் இதுதான்.

ஹார்மோன் என்ற கருத்தே இந்த இடத்தில் பிறந்தது. 1902-இல் லண்டனில் உடலியல் ஆய்வாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு, அதில் அமிலம் விட்டார்கள். நரம்பே இல்லாமல் கணையம் சுரந்தது. குடலின் உள்சவ்வைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து ரத்தத்தில் செலுத்தினார்கள், அப்போதும் சுரந்தது. செய்தி ரத்தத்தில் போகிறது என்று தெரிந்தது. ‘ஹார்மோன்’ என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905-இல் பயன்படுத்தினார்.

சரி, போதும் என்று எப்படித் தெரிகிறது? இந்த ஏற்பாட்டிலேயே அழகான பகுதி இதுதான். குடல் சுவரிலிருந்து ஒரு சிறு புரதம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். கோலிசிஸ்டோகைனினை வெளிவரத் தூண்டுவது அது. புரதத்தை வெட்டும் கணைய நொதியான டிரிப்சின் அதையும் வெட்டித் தின்றுவிடும். பொங்கலின் பாசிப்பருப்புப் புரதம் குடலில் இருக்கும்வரை டிரிப்சினுக்கு அதை வெட்டவே நேரம் சரியாக இருக்கிறது, தூண்டும் புரதம் தப்பிக்கிறது, சுரப்பு தொடர்கிறது. பருப்பு தீர்ந்ததும் வேலையற்ற டிரிப்சின் தூண்டியை வெட்டிவிடுகிறது. சுரப்பு அடங்குகிறது. எலிகளில் இது மிகத் தெளிவாகத் தெரியும். மனிதர்களில் நரம்பின் பங்கு இன்னும் பெரியது.

பச்சை சோயா மாவு தின்ற எலிகளுக்குக் கணையம் வீங்கிப் பெருப்பதும் இதனால்தான். சோயாவில் உள்ள தடுப்பான் டிரிப்சினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குடல், புரதம் இன்னும் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டு கணையத்தை விரட்டுகிறது. கொள்ளு, கொண்டைக்கடலையிலும் இத்தகைய தடுப்பான்கள் உண்டு. ஊறவைத்து, குக்கரில் நன்றாக வேகவிட்டால் பெரும்பகுதி அழிந்துவிடும். மெரினாவில் விற்கும் சுண்டல் வெந்த பண்டம் என்பதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

உணவு மாறினால் தயாரிப்பும் மாறும். மாவுச்சத்து நிறைந்த தீனி கொடுத்த எலிகளில் ஒரு வாரத்துக்குள் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் கூடுகிறது. கொழுப்பு கூடினால் லைபேஸ் கூடுகிறது. அமைலேஸ் தயாரிப்புக்கு இன்சுலினும் வேண்டும்.

அளவைவிடக் கண்டிப்பானது பூட்டு. டிரிப்சின் கணையத்திலேயே விழித்தால் கணையத்தையே செரித்துவிடும். ஆகவே டிரிப்சினோஜன் என்ற உறங்கும் வடிவில்தான் அது வெளியேறுகிறது. முன்சிறுகுடல் சுவரில் இருக்கும் என்டிரோபெப்டிடேஸ் அதன் முனையில் ஒரு சிறு துண்டை நறுக்கியதும் அது டிரிப்சினாகிறது. பிறகு மற்ற புரத நொதிகளை அதுவே எழுப்புகிறது. தவறி உள்ளேயே விழித்தால் பிடித்து நிறுத்த ஸ்பிங்க்1 என்ற தடுப்பான் காவலிருக்கிறது. பித்தக்கல் குழாயை அடைத்தாலோ மதுவாலோ இந்தக் காவல் உடைவதுதான் திடீர்க் கணைய அழற்சி. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளம் வயதிலேயே கணையக்கல், வயிற்றுவலி, நீரிழிவு என்று வரும் நோயாளிகள் பலருக்கு ஸ்பிங்க்1 மரபணுவில் மாற்றம் இருக்கிறது.

கணையத்துக்குக் கையிருப்பு அதிகம். லைபேஸ் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே குறைந்த பிறகுதான் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவு ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் சந்தேகம், 100-க்குக் குறைந்தால் கடுமையான குறைபாடு. பேதியான மலத்தைக் கொடுக்கக் கூடாது. நீர்த்துப்போய் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். சாப்பிட்டபின் வயிறு கனக்கிறது என்பதற்காக மட்டும் நொதி சிரப் வாங்கிக் குடிப்பதில் பயன் இல்லை.

உண்மையில் குறைபாடு உள்ளவர்களுக்கு, பெரியவர் என்றால் முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ், டிபனுக்கு அதில் பாதி என்று தொடங்கி, மருத்துவர் கூட்டிக் குறைப்பார். நோயாளிகள் செய்யும் தவறு, மற்ற மாத்திரைகளைப் போல இதையும் வெறும் வயிற்றிலோ சாப்பிட்டு முடித்த பிறகோ போட்டுக்கொள்வது. முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று என்று விழுங்க வேண்டும். காப்ஸ்யூலுக்கு உள்ளே இருக்கும் மணிகளை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. மேல்பூச்சு போனால் இரைப்பை அமிலமே லைபேஸைக் கெடுத்துவிடும்.