வளங்குன்றாமை: ‘சஸ்டெய்னபிலிட்டி’யை வகுப்பறைக்குள் கொண்டுவர ஒரு சொல்

வளத்தைத் தீர்த்துவிடாமல் பயன்படுத்துவதைக் குறிக்க ஆசிரியர்களிடையே ‘சஸ்டெய்னபிலிட்டி’ என்றே புழங்கும் சொல்லுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. நிலைத்தன்மை, பேண்தகுமை, நிலைபேறு, வளங்குன்றாமை என்று பல உண்டு. இலங்கையில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்பார்கள். தமிழ்நாட்டில் ‘நிலையான வளர்ச்சி’, ‘நீடித்த வளர்ச்சி’ இரண்டும் மிகுதி. எதை வைத்துப் பாடம் நடத்துவது என்று முடிவு செய்ய, சொல்லின் வேரைப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் ‘சுஸ்தினேரே’. கீழிருந்து தாங்கிப் பிடித்தல் என்று பொருள். ஆனால் இன்று நாம் கொள்ளும் கருத்து ஜெர்மனியின் காட்டில் பிறந்தது. சாக்சனியில் சுரங்கத் துறையின் உயர் அதிகாரியாக இருந்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். அங்கே வெள்ளிச் சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்கவும் உலை எரிக்கவும் மரம் வேண்டும். காடு தீர்ந்தால் மண்ணுக்குள் வெள்ளி இருந்தும் பயனில்லை. 1713-இல் வெளியான தம் வனவியல் நூலில், காட்டைத் தொடர்ந்து பயன் தரும் வகையில் ஆள வேண்டும் என்று சொல்ல அவர் கையாண்ட சொல்லே பிற்பாடு ‘நாக்ஹால்டிக்கைட்’ என்று ஜெர்மன் மொழியில் நிலைபெற்றது. ஓராண்டில் எவ்வளவு வளர்கிறதோ அதற்கு மேல் வெட்டாதே என்பதே அதன் உட்பொருள்.

இந்தக் கணக்கு இந்தியாவுக்கும் வந்தது. 1864-இல் இந்திய வனத் துறையின் முதல் தலைமை ஆய்வாளரான டீட்ரிச் பிராண்டிஸ் ஜெர்மானியர். அதற்கு முன் பர்மாவின் பெகு பகுதியில் தேக்கு மரங்களைச் சுற்றளவு வாரியாகப் பிரித்து எண்ணினார். மிகப் பருத்தவை முதல் நிலை. அதற்கு அடுத்த நிலையிலிருந்து எத்தனை மரங்கள் பருத்து முதல் நிலைக்கு வருமோ, அந்த அளவுக்கே வெட்டலாம் என்பது அவர் முறை. (அந்தக் காடுகள் யாருக்குப் பயன்பட்டன, அங்கே வாழ்ந்தவர்கள் என்ன இழந்தார்கள் என்ற கேள்வியை உயர்நிலை வகுப்பில் கட்டாயம் எழுப்ப வேண்டும்.)

வளர்ச்சியோடு இணைந்த இச்சொல்லை, ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987-இல் இப்படி வரையறுத்துப் பரவலாக்கியது: வருங்காலத் தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றும் வளர்ச்சி. தேர்வுக்கு மனப்பாடம் ஆவது இந்த வரிதான். எடுக்கும் வேகம், திரும்ப வளரும் வேகம் என்ற பழைய கணக்கு இந்த வரியில் கண்ணுக்குத் தெரிவதில்லை. குழந்தைகளுக்குப் புரிய வேண்டியதோ அந்தக் கணக்குதான்.

இனி தமிழ்ச் சொற்கள். ‘நிலைத்தன்மை’ என்றால் அறிவியல் ஆசிரியருக்குச் சாய்ந்தும் விழாத பொருளின் நிலைப்பே நினைவுக்கு வரும். மாறாமல் இருப்பது என்ற பிழையான எண்ணத்தையும் அது தரும். காடு மாறிக்கொண்டேதான் இருக்கும். ‘பேண்தகு’ என்பது பேணத் தகுந்தது என்று பொருள்பட்டு, வளத்தின் அளவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ‘வளங்குன்றா’ அப்படியல்ல. குன்றுதல் என்றால் குறைதல். வளம் குறையாத என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் பிரித்துப் பொருள் சொல்லிவிடும். தமிழாசிரியருக்கும் இதில் வேலை உண்டு: மகர மெய் ககரத்துக்கு முன் ஙகரமாவது, ‘குன்றா’ என்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் இரண்டையும் இந்த ஒரே சொல்லில் காட்டலாம்.

பொருளை வகுப்பில் நிறுவ ஒரு பாடவேளையும் புளியங்கொட்டையும் போதும். நால்வர் கொண்ட குழுவுக்கு ஒரு தட்டில் 20 கொட்டைகள். அது குளம், கொட்டைகள் மீன்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் 0 முதல் 3 வரை எடுக்கலாம். சுற்று முடிந்ததும் மிஞ்சியது இரட்டிக்கும். ஆனால் 20-ஐத் தாண்டாது. நிரப்புவதற்குக் குழுவுக்கு 50 கொட்டைகள் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். பிடித்ததையே திரும்பக் குளத்தில் போட்டால் பிடித்த மீன் உயிர்பெற்று வருவதாகச் சிறுவர்கள் எண்ணிவிடுவார்கள்.

எல்லோரும் 3 எடுத்தால் 12 போய் 8 மிஞ்சும், அது 16 ஆகும். மீண்டும் 12 போனால் மிஞ்சும் 4, எட்டாகும். மூன்றாம் சுற்றில் எட்டும் தீரும். நான்காமவர் கை வெறுங்கை. மொத்தம் 32. எல்லோரும் 2 எடுத்தால் சுற்றுக்கு 8. நான்காம் சுற்றில் அதே 32 வந்துவிடும், குளத்தில் இன்னும் 20 இருக்கும். முதல் ஆட்டம் பேசாமல், இரண்டாம் ஆட்டம் கலந்து பேசி. சுற்றுக்கு 10 எடுத்தாலும் குளம் நிரம்பிவிடும் என்பதைச் சில குழுக்கள் தாமே கண்டுபிடிக்கும். 10-ஐ நால்வர் எப்படிப் பங்கிடுவது என்று வாதம் வரும். அந்த வாதத்தை நிறுத்த வேண்டாம். விடையை முன்கூட்டிச் சொல்வதும், முதலில் எடுப்பவரைச் சுற்றுதோறும் மாற்றாமல் விடுவதும்தான் இந்த ஆட்டத்தைக் கெடுப்பவை.

ஆட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததன் காரணத்தைக் கேளுங்கள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்ற விடை குழந்தைகளிடமிருந்தே வரும்.

அன்றாடப் பாடத்தில் இதைத் தொடரத் தனி விழாவோ சுவரொட்டியோ தேவையில்லை. இருக்கிற பாடத்திலேயே அளவை நுழைத்தால் போதும். ஒழுகும் குழாயின் கீழ் அளவுக் குவளையை 10 நிமிடம் வைத்து, கிடைத்ததை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் இழப்பு. 30 மில்லி சேர்ந்தால் நாளைக்கு 4.32 லிட்டர். மழைக்கு: 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை 1,000 லிட்டர். நனைவதிலும் சிதறுவதிலும் ஐந்தில் ஒரு பங்கு போனால் 800 கிடைக்கும். இரண்டையும் ஒரே நோட்டில் எழுத வேண்டும். இழப்பை மட்டும் அளந்தால் அது சிக்கனப் பாடமாகிவிடும். வரவும் செலவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் வளங்குன்றாமை.

பத்தாம் வகுப்புக்கு மேல் பாலாற்றைச் சேர்க்கலாம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு தொடர்பான வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வளங்குன்றா வளர்ச்சி என்ற கருத்தை ஏற்று, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது.

தேர்வுத்தாளில் மட்டும் பாடநூல் தரும் சொல்லையே மாணவர் எழுதட்டும்; விடைத்திருத்தத்தில் சிக்கல் வராது. கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதிப் பழக்குங்கள்: நிலையான வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி.