கான்கிரீட் – கற்காரை

புதுச்சேரியில் ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் மஞ்சள் சுவரும் வெள்ளை வளைவும் உயரமான மரக்கதவும்தான் எழுகின்றன. மிஞ்சிப்போனால் திண்ணையும் மரத்தூண்களும் உள்ள ஒரு பழைய தமிழ் வீடு நினைவுக்கு வரும். லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் 1970களில் கட்டிய வீடு ஒன்றை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் பேசிப் பார்த்தேன். மேற்கு வெயிலை மறிக்க முன்பக்கம் முழுவதும் சாய்வான பலகைகளை வார்த்துவைத்த வீடு அது. மாடிப்படிகள் ஒரு பக்கச் சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஏறிப்போகும். நாலு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “அது வெறும் கான்கிரீட் வீடுதானே?”

அந்த ‘வெறும்’ மனத்தை உறுத்தியது. அதனால்தான் கான்கிரீட் என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன்.

கான்கிரீட் ஆங்கிலத்தின் வழியே நமக்கு வந்தது, மூலம் லத்தீன். ‘கான்’ என்றால் கூட, ‘கிரெஸ்கரே’ என்றால் வளர்தல். ஒன்றோடொன்று கூடி வளர்ந்து இறுகியது என்பதே சொல்லின் பொருள். இதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து, நுண்ணிய படிகங்கள் வளர்ந்து, ஜல்லியையும் மணலையும் பின்னிப் பிடிப்பதால்தான் அது இறுகுகிறது. தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது இதற்காகத்தான். அதன் வலிமையை 28 நாள் கழித்துச் சோதிக்கும் வழக்கமும் இப்படி வந்ததே. பிரெஞ்சுக்காரர்கள் இதே பொருளை ‘பெத்தோன்’ என்கிறார்கள். அது நிலக்கீலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் இத்தனை காலம் ஆண்டும் கொத்தனார் வாயில் நிலைத்தது கான்கிரீட்தான்.

தமிழில் இதற்குக் கற்காரை என்று பெயர். கல், காரை இரண்டும் சேரும்போது லகரம் றகரமாகிறது. கம்பி வைத்து வார்த்தால் வலுவூட்டிய கற்காரை. பைஞ்சுதை என்றும் சிலர் எழுதுகிறார்கள். சுதை என்றதும் கோபுரத்துப் பொம்மைகளே கண்முன் வருவதால் அது எனக்கு ஒட்டவில்லை. கற்காரையில் உள்ள ‘காரை’ நம் வீட்டுச் சொல். சுண்ணாம்புச் சாந்துக்கும் அதைக் கொண்டு பூசிய பூச்சுக்கும் அதுதான் பெயர். சுவரில் காரை பெயர்ந்துவிட்டது என்கிறோம். பல்லில் காரை படிந்திருக்கிறது என்று பல் மருத்துவர் சொல்வதும் இதே காரைதான். கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய வீட்டுக்குக் காரை வீடு என்ற பெயரும் உண்டு.

பெயர் மட்டுமல்ல, பொருளும் பொருந்துகிறது. நம் பழைய மாடிகளின் மேல்தளம் எப்படிப் போடப்பட்டது? தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். அந்தக் கலவை கற்காரை இல்லாமல் வேறென்ன? சுண்ணாம்பு காற்றை வாங்கி இறுகும், சிமெண்ட் தண்ணீரை வாங்கி இறுகும். வேதியியல் வேறு, ஆனால் கைவேலை ஒரே குடும்பம். கான்கிரீட் என்னும்போது அந்நியமாகவும் மலிவாகவும் தோன்றும் பொருள், கற்காரை என்னும்போது கொத்தனாரின் பாட்டன் கலவையோடு உறவாகிவிடுகிறது.

உள்ளூரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி, இந்தியாவில் வலுவூட்டிய கற்காரையால் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். 1937இல் தொடங்கிய பணி 1940களில்தான் முடிந்தது. பணம் வர உதவியவர் ஹைதராபாத் நிஜாமிடம் அமைச்சராக இருந்த அக்பர் ஹைதரி. ஹைதராபாத்தின் கோல்கொண்டாவை நினைவூட்டும் பெயர் அதனால் வந்தது. ஆசிரமவாசிகளே கலவை சுமந்தார்கள். வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்பத் திருப்பிக்கொள்ளும் கிடைமட்டப் பலகைகள்தான் ஜன்னல்கள், கண்ணாடி கிடையாது. கூரைத் தளத்தின் மேல் வளைந்த கற்காரை ஓடுகள் இரண்டாவது கூரையாக நிற்கின்றன; இடையில் காற்று ஓடும். கடலுக்கு இத்தனை பக்கத்தில் அது இன்றும் நன்றாக இருப்பதற்கு இடைவிடாத பராமரிப்புதான் காரணம்.

டெல்லி பிரகதி மைதானத்தின் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ அரங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ராஜ் ரேவல் வடிவமைக்க, மகேந்திர ராஜ் பொறியியல் கணக்குப் போட, 1972இல் எழுந்தது. உலகில் மற்ற இடங்களில் எஃகால் செய்யும் முப்பரிமாணச் சட்டகத்தை, இங்கே எஃகு தட்டுப்பாடாக இருந்ததால், களத்திலேயே கற்காரையால் வார்த்தார்கள். அதைக் காக்க நீதிமன்றம் வரை போனார்கள். 60 வயதானால்தான் மரபுக் கட்டடமாகக் கருத முடியும் என்பது அங்கே கடைப்பிடித்த அளவுகோல், அரங்குக்கு 45. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்துவிட்டார்கள். ஒரு கட்டடம் 60 வயதைத் தொடுவதற்குள் அதை இடித்துவிடலாம் என்றால் மரபு எங்கிருந்து வரும்? இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

எங்கள் தெரு வீட்டுக்குச் சொல்லப்படும் காரணம், காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்பது. கற்காரைக்கு வரும் பெரிய நோயே அதுதான். கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அது உப்பும்போது மேலே உள்ள காரை வெடிக்கிறது. நோய்க்கு மருந்தும் இருக்கிறது. உளுத்த பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, புதுக் கலவையால் அடைக்க வேண்டும். போன வாரம் ஒரு கொத்தனாரை அழைத்துப்போனேன். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கணீரென்றால் நல்லது, ‘பொத்’தென்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. 22 பலகைகளில் ‘பொத்’தென்றவை ஐந்து. படிகளில் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தில் ‘கான்கிரீட் வீடு’ என்பதை அடித்துவிட்டு ‘கற்காரை வீடு’ என்று எழுதினேன். பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரோடு அளவெடுக்கப் போகிறேன்.