தலைமைத்துவம்: சபையை நடத்துகிறவருக்கு இந்தச் சொல் பொருந்துமா?

"மாறிவரும் சமுதாயத்தில் திருச்சபைத் தலைமைத்துவம் எதிர்கொள்ளும் சவால்கள்." இந்தத் தலைப்பை, அல்லது இதில் ஓரிரு சொல் மாறிய தலைப்பை, போதகர் கூடுகைகளின் அறிவிப்புகளில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சமீபத்தில் ஒரு கூடுகையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர் 'லீடர்ஷிப்' என்ற சொல் வந்த ஒவ்வொரு இடத்திலும் தலைமைத்துவம், தலைமைத்துவம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் கட்டுமானம். தலை என்ற பெயரோடு 'மை' சேர்ந்தால் தலைமை. பெருமை, இனிமை, வலிமை போலப் பண்பைக் குறிக்கும் முழுமையான சொல் அது. 'துவம்' என்பது வடமொழியிலிருந்து வந்த பண்புப்பெயர் விகுதி. சமத்துவம், தனித்துவம் என்பவற்றில் அது தன் வேலையைச் செய்கிறது. தலைமைத்துவத்தில் அதற்கு வேலையே இல்லை, ஏற்கெனவே 'மை' செய்துவிட்ட வேலையை மறுபடி செய்கிறது. பெருமைத்துவம், இனிமைத்துவம் என்று யாராவது சொல்கிறோமா? மருத்துவம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது மருத்துவன் என்ற பழந்தமிழ்ச் சொல்லோடு பிறந்தது, இந்தத் 'துவம்' அதில் இல்லை.

தலைமைத்துவத்துக்காக வாதாடுகிறவர்கள் சொல்லும் ஒரு காரணத்தை நான் மதிக்கிறேன். 'கட்சித் தலைமை முடிவெடுத்தது' என்னும்போது தலைமை என்பது ஆட்களைக் குறிக்கிறது, ஆகவே திறமையைத் தனியாகச் சொல்ல வேறொரு சொல் வேண்டும் என்கிறார்கள். சரி, வேண்டும்தான். அதற்குத் தலைமைப் பண்பு இருக்கிறது, தலைமைப் பொறுப்பு இருக்கிறது, வழிநடத்தும் திறன் இருக்கிறது. இடத்துக்கு ஏற்றபடி இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் வாக்கியம் தெளிவாகும். தலைமைத்துவமோ பதவியா, குணமா, செயலா, அந்தப் பதவியில் இருக்கிற கூட்டமா என்று எதையும் சொல்லாமல் எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு யோசிக்கும் வேலை மிச்சம், கேட்கிறவருக்குத்தான் ஒன்றும் விளங்குவதில்லை.

ஆனால் இலக்கணப் பிழையோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். 'லீட்' என்ற ஆங்கில வினைக்குக் கூட்டிக்கொண்டு போவது, வழிகாட்டி முன்னே நடப்பது என்று பொருள். அதில் தலை எங்குமே இல்லை. தமிழில் தலைவர் என்றதும் உடம்பின் உச்சியில் இருக்கிற உறுப்பு வந்துவிடுகிறது. அரசியலில் அது பொருந்தலாம், நிறுவனத்திலும் பொருந்தலாம். சபையில் அந்த இடம் காலியாக இல்லை. 'அவரே சபையாகிய சரீரத்துக்குத் தலையானவர்' என்று புதிய ஏற்பாட்டின் கொலோசெயர் நிருபம் கிறிஸ்துவைச் சொல்கிறது. வேதத்தின் வார்த்தைக்கு வார்த்தை உண்மையாய் இருக்க வேண்டும் என்று மற்ற எல்லாரையும்விட அழுத்திச் சொல்கிற சுவிசேஷ சபைகள், மனிதர் ஒருவரைச் சபைத் தலைவர் என்று கூச்சமில்லாமல் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழைய தமிழ் வேதாகமத்தில் இதே கருத்து வரும் இடத்தைப் பாருங்கள். எபிரெயர் 13-ஆம் அதிகாரம், 17-ஆம் வசனம். ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் 'லீடர்ஸ்' என்று இருக்கிற இடம் அது. தமிழில் 'உங்களை நடத்துகிறவர்கள்' என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இருப்பதும் முன்னே நடத்திப் போகிறவர் என்ற சொல்தான். மொழிபெயர்த்தவர்கள் தலைவர் என்று போட்டிருக்கலாம், போடவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசு சபையின் மூப்பர்களை வரவழைக்கிறார், அவர்களையே கண்காணிகள் என்கிறார், அவர்கள் செய்ய வேண்டிய வேலையை மேய்ப்பது என்கிறார். மூப்பர் என்றால் வயதும் அனுபவமும், கண்காணி என்றால் விழிப்பு, மேய்ப்பர் என்றால் பசியாற்றுவது. ஒரே ஆட்களுக்கு மூன்று பெயர், மூன்றும் வேலையைச் சொல்கின்றன. பாஸ்டர் என்று நாம் அன்றாடம் கூப்பிடுகிற சொல்கூட இலத்தீனில் மேய்ப்பவர்தான், உணவூட்டுவது என்ற வினையிலிருந்து வந்தது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் நிர்வாகத் துறையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 'சர்வன்ட் லீடர்ஷிப்' என்ற தொடர் சபைகளுக்குள்ளும் வந்து பரவியது. முதலில் வேலைக்காரன், அதன்பின்தான் நடத்துகிறவன் என்பது அதன் சாரம். அதை 'ஊழியத் தலைமைத்துவம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அகராதிப்படி ஊழியம் வேலைக்காரன் செய்யும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்தவத் தமிழில் ஊழியம் என்பது பிரசங்கமும் கூட்டமும் மேடையுமாக எப்போதோ உயர்ந்துவிட்டது. தேவ ஊழியர் என்றால் எழுந்து நின்று மரியாதை செய்கிறோம். ஆகவே ஊழியத் தலைமைத்துவம் என்றதும் கேட்கிறவர் மனதில் 'ஊழியங்களுக்குத் தலைவராயிருப்பது' என்றே பதிகிறது, மூலம் சொன்னதற்கு நேர் எதிராக. பணிவிடை என்ற சொல் மாற்கு சுவிசேஷத்தில் இருக்கிறது: 'உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்.' பணிவிடை செய்து நடத்துதல் என்று சொன்னால் யாருக்குப் புரியாது?

சொல்லைப் பற்றி ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். இந்தக் கூடுகைகளில் பேசப்படும் நெருக்கடிகளையே எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச்சில் பார்னா என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்க புராட்டஸ்டன்ட் போதகர்களிடம் விசாரித்தபோது, 42 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டில் முழுநேரப் பணியை விட்டுவிடுவதைப் பற்றித் தீவிரமாக யோசித்ததாகச் சொன்னார்கள். 2021 சனவரியில் அது 29 விழுக்காடாக இருந்தது. அப்படி யோசித்தவர்கள் சொன்ன காரணங்களில் முதலாவது தாங்க முடியாத மன அழுத்தம், அடுத்தது தனிமை. 43 விழுக்காட்டினர் தனிமையைச் சொல்லியிருக்கிறார்கள். உச்சியில் நிற்கிற ஆளாக ஒருவரைக் கற்பனை செய்து, அப்படியே பெயரும் வைத்து, அப்படியே பயிற்சியும் கொடுத்தால் அவர் தனியாகத்தானே நிற்பார்? மூப்பர் என்ற சொல்லோ புதிய ஏற்பாட்டில் பெரும்பாலும் பன்மையில்தான் வருகிறது, ஒருவர் தனியாக நிற்கிற இடம் அல்ல அது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மார்ஸ் ஹில் என்று பெரிதாக வளர்ந்த ஒரு சபை இருந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான போதகர் உடனிருந்தவர்களை அடக்கி ஆண்டார், கடுஞ்சொல் பேசினார் என்று அந்தச் சபையே விசாரித்துச் சொன்னது. 2014 அக்டோபரில் அவர் விலகினார், சில மாதங்களில் சபையே கலைந்துபோனது. பேதுரு சபை மூப்பர்களுக்கு எழுதிய 'இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாகவும்' என்ற வரி இந்த ஆபத்தைத்தான் சொல்கிறது. 2022 மே மாதம் வெளிவந்த விசாரணை அறிக்கை ஒன்று, அமெரிக்காவின் பெரிய புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவான தெற்கத்திய பாப்டிஸ்ட் கூட்டமைப்பின் செயற்குழுவில் மேலிடத்தில் இருந்த சிலர், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களின் முறையீடுகளை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தட்டிக்கழித்தார்கள் என்று சொன்னது. இளைஞர் சபையை விட்டு விலகிப் போவதற்குச் சமூகம் மாறிவிட்டதே காரணம் என்கிறார்கள். சமூகம் மாறியது உண்மை. கொரோனாவுக்குப் பிறகு ஒரு பிள்ளை படுக்கையில் இருந்தபடியே உலகத்தின் எந்தப் பிரசங்கியையும் கேட்க முடிகிறது, மேடைப் பேச்சுத் திறமையில் அவர்களோடு எந்தச் சிறிய சபைப் போதகரும் போட்டி போட முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் வந்து உட்கார அந்தப் பிரசங்கியால் முடியாது. மேய்ப்பவரால் முடியும்.

மேய்ப்பர் என்ற சொல்லுக்கும் குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. நகரத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆடு மேய்ப்பது என்னவென்றே தெரியாது. அப்புறம் மந்தை என்றால் இன்றைய தமிழில் யோசிக்காத கூட்டம் என்று பொருளாகிவிட்டது. என்னை ஆடு என்று சொல்கிறீர்களா என்று படித்த இளைஞர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் மேய்ப்பு என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பி, திருமணம், வேலை, வீடு வரை மேய்ப்பரிடம் அனுமதி கேட்கும் நிலைக்கு மக்களைக் கொண்டுபோனது. அதில் முன்னணியில் இருந்த ஒருவர் பின்னாளில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆகவே நல்ல சொல் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. தவறான சொல்லோடு தொடங்கினால் இன்னும் கஷ்டம் என்கிறேன்.

'எதிர்கொள்ளும் சவால்கள்' பற்றியும் ஒரு வார்த்தை. அரபியில் கேள்வி என்ற பொருளுள்ள சொல் உருது வழியாக வந்து தமிழில் சவாலானது. நம் பேச்சில் சவால் என்றால் 'முடிந்தால் செய்து பார்' என்று ஒருவர் விடுவது. போதகர் சோர்ந்து விழுவதும், பிள்ளைகள் சபைக்கு வராமல் போவதும், கொடுமைக்கு ஆளானவர் நியாயம் கேட்டு நிற்பதும் யாரும் விட்ட சவால் இல்லை. நெருக்கடி, பிரச்சினை, சோதனை, இடர் என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன.

அப்படியானால் என்ன எழுதலாம்? செயலைச் சொல்லும்போது வழிநடத்துதல். ஆளைச் சொல்லும்போது சபையை நடத்துகிறவர், மூப்பர், மேய்ப்பர், போதகர், எது பொருந்துகிறதோ அது. வழிநடத்துநர் என்று சுருக்க வேண்டாம், நடத்துநர் என்ற சொல்லைப் பேருந்தில் சீட்டுக் கொடுப்பவருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். மேலே சொன்ன அந்தத் தலைப்பை என்னிடம் கொடுத்தால் இப்படி மாற்றுவேன்: 'மாறிவரும் சமுதாயத்தில் சபையை நடத்துகிறவர்களுக்கு வரும் நெருக்கடிகள்.' அடுத்த அறிவிப்பை அச்சுக்குக் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் இதை எடுத்துக்கொள்ளலாம்.