பெட்டகத்துத் தந்தச் சிற்பம்: ஊசியைக் காய்ச்சுமுன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஒரு வளவில் (செட்டிநாட்டுப் பெரிய வீட்டில்) பங்கு பிரிக்கிறார்கள் என்றால், மங்குச் (பீங்கான்) சாமானுக்கும் பர்மா அரக்குச் சாமானுக்கும் நடுவே துணி சுற்றிய வெள்ளைச் சிற்பம் ஒன்று வெளிவருவது உண்டு. ஐயா (பாட்டனார்) ரங்கூனுக்கோ மோல்மீனுக்கோ சைகோனுக்கோ கொண்டுவிற்கப் போய் வந்தபோது கொண்டுவந்த புத்தராக இருக்கலாம். செடிகொடி செதுக்கிய யானைக் கொம்பாக இருக்கலாம். தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா என்று பேச்சு வரும். உடனே ஒருவர், ஊசியைக் காய்ச்சி அடியில் குத்திப் பார்க்கலாம் என்பார்.

தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டாக (பழைய காலப் பிளாஸ்டிக்காக) இருந்தால் குப்பென்று தீப்பற்றும். தந்தமாக இருந்தால் கருகிய புள்ளி என்றைக்கும் போகாது. இவ்வளவு சேதத்துக்கும் பலன் இல்லை. தந்தமும் எலும்பும் சூட்டில் ஏறக்குறைய ஒரே வாடைதான் அடிக்கும். நீங்கள் பிரித்தறிய வேண்டியதே அந்த இரண்டையும்தான். கத்தியால் சுரண்டுவதும் தண்ணீரில் முக்கி எடை பார்ப்பதும் இதே வகை. தந்தம் ஈரத்தை இழுத்து உப்பும், காயும்போது நீளவாக்கில் வெடிக்கும்.

தேவையானவை: நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், ஒரு டார்ச், கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு, பள்ளிக்கூடத்துக் கோணமானி.

முதலில் சிற்பத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நிற்கும் உருவங்களைப் பெரும்பாலும் கொம்பின் நீளவாக்கில்தான் செதுக்குவார்கள். அதனால் அடிப்பக்கம் குறுக்கு வெட்டாக அமைந்துவிடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், யானைத் தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் வலைப்பின்னல்போல் தெரியும். இவைதான் ஷ்ரெகர் கோடுகள். செதுக்கிய பக்கவாட்டில் இவை தெரியாது. அங்கே மங்கலான அலைக்கோடுகள் மட்டுமே இருக்கும். முகத்தையும் கையையும் லென்ஸில் பார்த்துவிட்டு "கோடே இல்லை, போலி" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது கோணம். வெளி ஓரத்தை ஒட்டி, கோடுகள் சந்திக்கும் இடங்களில் குறைந்தது 5 கோணங்களை அளந்து சராசரி எடுங்கள். சிற்பத்தைப் பூப்போல நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல் வைத்துப் பெரிதாக்கி நகல் எடுத்தால், தாளிலேயே கோணமானி வைத்து அளந்துவிடலாம். இன்றைய யானைகளில், ஆசிய யானையானாலும் ஆப்பிரிக்க யானையானாலும், இந்தக் கோணம் விரிந்திருக்கும்: 115 பாகைக்கு மேல். மண்ணுக்கடியில் கிடைக்கும் மாமூத் (அழிந்துபோன ரோம யானை) கொம்பில் 90 பாகைக்குக் கீழே. இடைப்பட்ட கோணம் இரண்டிலும் வரும் என்பதால் ஒரே ஒரு அளவை நம்பக் கூடாது. ஆசிய யானையா, ஆப்பிரிக்க யானையா என்பதைக் கோணம் சொல்லாது. அதற்கு மரபணுச் சோதனைதான் வழி. டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனம் போன்ற இடங்களில் அது நடக்கிறது.

எலும்பில் வலைப்பின்னல் இருக்காது. ரத்தக்குழாய் ஓடிய துளைகள் குறுக்கு வெட்டில் கரும்புள்ளிகளாகவும் நீளவாக்கில் குட்டிக் குட்டிக் கீறல்களாகவும் தெரியும். பழைய அழுக்கு அவற்றில் அடைந்து இன்னும் எடுப்பாக்கும். செல்லுலாய்டில் கோடு உண்டு. ஆனால் அச்சடித்தாற்போல் ஒரே இடைவெளியில் இணையாக ஓடும், குறுக்கே வெட்டாது. துணியால் அழுத்தித் தேய்த்தால் சில சமயம் கற்பூர வாடை வரும். ரெசின் (செயற்கைப் பிசின்) வார்ப்பில் அச்சு சேர்ந்த தழும்பையும் காற்றுக் குமிழியையும் தேடுங்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் தந்தம் நீலவெண்மையாக ஒளிரும். எலும்பும் அப்படியே ஒளிரும். ஆகவே இந்த விளக்கு பிளாஸ்டிக்கை ஒதுக்க உதவுமே தவிர, எலும்பை ஒதுக்க உதவாது.

மஞ்சள் நிறத்தை வைத்து வயது சொல்பவர்களை நம்பாதீர்கள். தந்தம் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வெளுக்கும். பெட்டகத்தில் கிடந்ததும் முகப்பில் நின்றதும் ஒரே வயதானாலும் வேறு நிறமாக இருக்கும். தேயிலைச் சாயம் ஏற்றிய புதுச் சரக்கில் நிறம் பள்ளங்களில் தேங்கி நிற்கும். உண்மையான வெடிப்பு கொம்பின் நீளவாக்கில் ஓடும். வயதைப் பற்றி நிறத்தைவிட உறுதியாகப் பேசுவது வீட்டுக் காகிதங்கள்: சீர்ச் சாமான் பட்டியல், பேரேடு, கடிதம், சிற்பம் பின்னால் தெரியும் பழைய கல்யாணப் புகைப்படம். பழைய காகிதம் என்று அவற்றை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

தந்தம் என்று தெரிந்துவிட்டால் படத்தை வியாபாரிக்கு அனுப்பாதீர்கள். இந்தியத் தந்த வணிகம் 1986-லும், ஆப்பிரிக்கத் தந்த வணிகம் 1991-லும் சட்டத்திருத்தங்களால் தடை செய்யப்பட்டன. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, வாரிசாக வந்த தந்தப் பொருளை 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமைச் சான்று இருந்தாலும் விற்க முடியாது, விற்பதாகச் சொல்லவும் முடியாது. பாட்டனார் பெயரில் பழைய சான்று இருக்கிறதா என்று முதலில் பெட்டியைத் துழாவுங்கள். இல்லையென்றால், வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு வனத்துறைக்கு எழுதுங்கள். உரிமைச் சான்று உள்ள பொருளை, பங்காளிகள் சேர்ந்து முடிவெடுத்து அரசிடமே ஒப்படைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதற்கு ஈட்டுத்தொகை கிடையாது. 100 ஆண்டு கடந்த சிற்பமானால் தொல்பொருள் சட்டப்படி பதிவும் வேண்டும்.

காகித வேலை முடியும்வரை சிற்பத்தைச் சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாத, குளிர்சாதனக் காற்று நேரே அடிக்காத அலமாரியில் வையுங்கள். சிவப்புப் பட்டும் மஞ்சள் தோய்த்த துணியும் வேண்டாம். அந்தச் சாயம் தந்தத்தில் ஏறினால் எடுக்க முடியாது. எலுமிச்சை, பல்பொடி, எண்ணெய் எதுவும் கூடாது. தூசி தட்ட மெல்லிய உலர்ந்த தூரிகை போதும்.